மேலே கோட்டை, கீழே படகு

தீலோஸ் தீவில் மெகாலோ ஹோரியோ ஊருக்கு மேலே இருக்கும் கோட்டையின் உடைந்த மதிலோரம் நானும் மனைவியும் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். கீழே தெற்கே எரிஸ்டோஸ் விரிகுடா, அதில் அரிசிமணி அளவுக்கு எங்கள் படகு, கொஞ்சம் தள்ளி இன்னொரு படகு. வேறு பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் ஏதோ பேசிவிட்டு மறுபடி பார்த்தபோது எங்கள் படகு விட்ட இடத்தில் இல்லை. பக்கத்துப் படகு அங்கேயேதான் நின்றது. அதனால் கண் ஏமாற்றவில்லை என்று புரிந்தது. நங்கூரம் இழுபட்டுக்கொண்டிருந்தது.

அன்றைக்கு என்ன ஆயிற்று என்பதைப் பிறகு எழுதுகிறேன். பாய்மரப் படகில் போய் மலைக்கோட்டைகளைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பதெல்லாம் அந்த ஒரு காலை நேரத்தில் அடங்கியிருக்கிறது. கோட்டைக்கு ஏறுவது எளிது. படகை நிம்மதியாக விட்டுவிட்டு ஏறுவதுதான் கஷ்டம், அதைத்தான் நாங்கள் இரண்டு பயணங்களில் கற்றுக்கொண்டோம்.

கிரேக்கத்தின் தென்கிழக்கில், துருக்கிக் கரையை ஒட்டி இருக்கும் டோடெகனீஸ் தீவுகளில்தான் இரண்டு முறையும் சுற்றினோம். ஏஜியன் கடலில் எத்தனையோ தீவுகள் இருக்க இதைத் தேர்ந்தெடுத்த காரணம் கோட்டைகள்தான். ஜெருசலேமிலிருந்தும் பிறகு ஆக்ரேயிலிருந்தும் துரத்தப்பட்ட புனித யோவான் சபை என்ற கிறிஸ்தவப் போர்ச்சபையின் வீரர்கள் 1310க்குள் ரோட்ஸ் தீவைப் பிடித்து, சுற்றியுள்ள தீவுகளையும் எடுத்துக்கொண்டு, இரு நூற்றாண்டுக்கு மேல் இந்தக் கடலைக் காவல் காத்தார்கள். 1522இல் ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் படை ஏறக்குறைய ஆறு மாதம் ரோட்ஸை முற்றுகையிட்டுப் பிடித்தது. 1523 ஜனவரி 1 அன்று மிச்சமிருந்த வீரர்கள் கப்பலேறிப் போனார்கள், அதே சபைதான் 1530இல் மால்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்கள் விட்டுப்போன கோட்டைகள் சின்னத் தீவுகளின் தலையில் இன்றைக்கும் நிற்கின்றன. பலவற்றுக்குச் சீட்டு கிடையாது, கதவு கிடையாது, காவலாளும் கிடையாது, ஆடுகள் மட்டும் உண்டு. அவற்றில் பல அவர்கள் புதிதாகக் கட்டியவையும் இல்லை. பைசாந்தியர் கட்டியதன்மேல், அதற்கும் கீழே பழைய கிரேக்கர் மேட்டுநகரின் கல்மேல், அடுக்கடுக்காக எழுப்பியவை.

முதல் முறை போனது ஜூலையில். எங்களுக்கு அப்போது படகோட்டும் சான்றிதழ் இல்லாததால் ஒரு வாரத்துக்குப் படகோடு அதை ஓட்டும் ஒரு தலைவரையும் சேர்த்து வாடகைக்கு எடுத்தோம், கோஸ் தீவிலிருந்து கிளம்பினோம். மனதில் இருந்தது லெரோஸ். பாண்டெலி துறைக்கு மேலே, வரிசையாகக் காற்றாலைகள் நிற்கும் முகட்டைத் தாண்டி இருக்கும் கோட்டையைப் படத்தில் பார்த்ததிலிருந்து அதுவே கனவு. லெரோஸ் கோஸுக்கு வடக்கே இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டில் இங்கே வீசும் மெல்டெமி காற்று வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருகிறது, நம் மொழியில் சொன்னால் வாடைதான், ஆனால் மழை, மேகம் எதுவும் இல்லாமல் பளிச்சென்ற நீல வானத்தில் நாள் கணக்காக அடிக்கும். காற்றின் வேகத்தைச் சொல்லும் போஃபோர்ட் அளவில் ஐந்து ஆறு சாதாரணம், ஏழும் வரும். வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்துவிட்டு இன்றைக்குக் கடல் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய பாடம்.

காலிம்னோஸ் தீவின் போத்தியா துறைமுகம் வரைதான் போக முடிந்தது. அதற்கு மேல் நேர் எதிர்க்காற்றில் போவதில்லை என்று எங்கள் தலைவர் சொல்லிவிட்டார். மூன்று நாள் அங்கேயே கட்டிக் கிடந்தோம். இரண்டாம் நாள் பேருந்து பிடித்து ஹோரா ஊருக்குப் போய் அதன் மேலே இருக்கும் பெரா கஸ்ட்ரோ என்ற கோட்டைக்கு ஏறினோம், வேறு வேலை இல்லை என்பதால் ஏறியதுதான், ஆனால் இந்தப் பைத்தியம் பிடித்தது அங்கேதான்.

மதிலுக்குள் ஒரு முழு ஊரே செத்துக் கிடந்தது. கடற்கொள்ளையர்களுக்குப் பயந்து தலைமுறை தலைமுறையாக மக்கள் உள்ளே குடியிருந்திருக்கிறார்கள், பயம் குறைந்த பிறகு கீழே இறங்கிவிட்டார்கள். வீடுகளெல்லாம் முழங்கால் உயரச் சுவர்களாக, கற்குவியலாக இருக்கின்றன. ஆனால் நடுநடுவே சின்னஞ்சிறு கோயில்கள், ஓர் அறை அளவே உள்ள ஆலயங்கள், புதுச் சுண்ணாம்பு அடித்து வெள்ளைவெளேரென்று நிற்கின்றன. உள்ளே விளக்கு, எண்ணெய் புட்டி, தீப்பெட்டி. வீட்டை விட்டுப் போனவர்கள் சாமியை விடவில்லை. யாரோ இன்னமும் இந்த வெயிலில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வருகிறார்கள் என்பதை நினைத்து நான் ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

அந்த மதிலிலிருந்து பார்த்தபோதுதான் எங்கள் தலைவர் ஏன் போக மறுத்தார் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. துறைமுகத்துக்குள் இருந்தால் தண்ணீர் தட்டையாக இருக்கும், கயிறு மட்டும் முனகும். மேலே வந்து பார்த்தால் தீவின் ஒதுக்கைத் தாண்டிய இடத்தில் கடல் முழுக்க வெள்ளை நுரை. இரண்டு தீவுகளுக்கு நடுவே காற்று இறுகிக்கொண்டு இன்னும் வேகமாகப் போவதும், மலைக்குப் பின்பக்கம், அதாவது காற்றுக்கு மறைவாக இருக்கும் பக்கத்தில், கருநீலத் திட்டுத்திட்டாகக் காற்று மேலிருந்து விழுந்து தண்ணீரைத் தேய்த்துக்கொண்டு ஓடுவதும் தெரிந்தது. மறைவான பக்கம் பாதுகாப்பு என்று நினைப்போம். உயரமான தீவாக இருந்தால் அந்தப் பக்கத்தில்தான் சட்டென்று விழும் காற்று மோசம். இதைக் கையேட்டில் படித்தபோது புரியவில்லை, கோட்டையிலிருந்து பார்த்தபோது ஒரே நிமிடத்தில் புரிந்தது. அதிலிருந்து எந்தத் தீவில் எந்தக் கோட்டைக்கு ஏறினாலும் முதல் வேலையாக அடுத்த நாள் போகவேண்டிய கடலைப் பார்ப்பது எங்கள் பழக்கமாகிவிட்டது.

அடுத்து இரண்டு வருடம் கழித்து, படித்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, செப்டம்பரில் போனோம். கிரேக்கத்தில் தலைவர் இல்லாமல் படகு எடுக்க வேண்டுமானால் சான்றிதழ் உள்ள ஒருவரும், கூடவே படகு தெரிந்த இன்னொருவரும் வேண்டும். இந்த முறை நான், மனைவி, மனைவியின் தம்பி என மூன்று பேர், 37 அடிப் படகு, இரண்டு வாரம். இந்த முறை காற்றோடு சண்டை போடாமல் தெற்கே போவது என்று முடிவு. கோஸில் ஏறி நிசிரோஸ், தீலோஸ், ஹால்கி, சிமி என்று இறங்கி ரோட்ஸில் படகை விடுவது. ஏறிய இடத்திலேயே விடாமல் வேறு தீவில் விட்டால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். கொடுத்தோம். காற்றுக்கு எதிராகத் திரும்பி வரும் இரண்டு மூன்று நாளை மிச்சம் பிடித்ததே அதற்கு ஈடு. ஒரு வாரத்தில் இந்தத் தீவுகளை முடிக்கலாம் என்று வரைபடம் சொல்லும். காற்றுக்காகச் சும்மா கிடக்கும் நாளை வரைபடம் கணக்கில் எடுப்பதில்லை, அதனால்தான் இரண்டு வாரம்.

நிசிரோஸில் பாலி என்ற சின்னத் துறையில் படகைக் கட்டினோம். எல்லோரும் இங்கே எரிமலை பார்க்க வருகிறார்கள், ஸ்டெபானோஸ் பள்ளத்துக்குள் இறங்கி கந்தகப் புகையை மோந்துவிட்டுப் போகிறார்கள், நாங்களும் போனோம், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாண்ட்ராகி ஊருக்கு மேலே பேலியோகஸ்ட்ரோ என்று ஒன்று இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். ஊரிலிருந்து அரைமணி நேர நடை. அது சபை வீரர்களுடையது இல்லை, அவர்களுக்கு ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கும் மேல் மூத்தது, கி.மு. 4ஆம் நூற்றாண்டு மதில். எரிமலைக் கருங்கல்லை வெட்டி, சாந்து இல்லாமல், ஒன்றின்மேல் ஒன்றாக அப்படியே பொருத்தியிருக்கிறார்கள். என் தோள் உயரத்துக்கு ஒற்றைக் கல் இருந்தது. இணைப்பில் கத்தி நுனி போகுமா என்று மைத்துனன் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். வாசலுக்குப் பக்கத்தில் மதிலில் ஒரு கல்வெட்டு. மதிலிலிருந்து ஐந்து அடி வரைக்கும் உள்ள இடம் பொதுச் சொத்து என்று அதில் எழுதியிருக்கிறது. யாரும் மதிலை ஒட்டி வீடு கட்டிக்கொள்ளக் கூடாது, காவலுக்கு ஓட வழி வேண்டும். இரண்டாயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னாலேயே ஆக்கிரமிப்புக்கு அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். ராஜாவின் பெருமை பேசும் கல்வெட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், இந்த ஊராட்சிக் கல்வெட்டு மாதிரி மனதில் நின்றது வேறொன்று இல்லை.

கீழே மாண்ட்ராகி முனையில் சபை வீரர்களின் கோட்டையும் இருக்கிறது, அதற்குள் பனாகியா ஸ்பிலியானி மடம், பாறைக் குகைக்குள் கோயில். படிக்கட்டு ஏறி ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

இப்போது தீலோஸ். நிசிரோஸிலிருந்து மூன்று மணி நேரப் பயணம், லிவாடியா என்ற துறைக்கு வந்து சேர்ந்தோம். இங்கேதான் தப்புச் செய்தேன். கோட்டை இருப்பது தீவின் மறுபக்கம், மெகாலோ ஹோரியோ ஊருக்கு மேலே. லிவாடியாவிலிருந்து அங்கே பேருந்து போகிறது. ஆனால் வரைபடத்தைப் பார்த்தால் கோட்டைக்குக் கிட்டே எரிஸ்டோஸ் விரிகுடா இருந்தது, நீளமான மணற்கரை, அங்கே நங்கூரம் போட்டால் காலையில் டிங்கி என்ற சின்னத் துணைப்படகில் கரைக்குப் போய் நேராக நடந்துவிடலாமே என்று தோன்றியது. துறையில் கட்டியிருந்த நல்ல இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனோம். சாயங்காலம் காற்று அடங்கிய நேரத்தில் போய்ச் சேர்ந்ததால் இடம் குளம் மாதிரி இருந்தது. ஆறு மீட்டர் ஆழம், 25 மீட்டர் சங்கிலி விட்டோம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். சங்கிலியின் நீளம் ஆழத்துக்கு இத்தனை மடங்கு என்று கணக்குப் போடும்போது ஆழத்தோடு படகின் மூக்கு தண்ணீருக்கு மேல் நிற்கும் உயரத்தையும் சேர்க்க வேண்டும். ஆறோடு ஒன்று சேர்த்தால் ஏழு. அமைதியான இரவுக்கே ஐந்து மடங்கு, அதாவது 35 மீட்டர் வேண்டும். காற்று வரும் என்றால் ஏழு மடங்கு, கிட்டத்தட்ட 50. நான் விட்டது மூன்றரை மடங்கு. படகில் 50 மீட்டருக்கு மேல் சங்கிலி சும்மா பெட்டிக்குள் கிடந்தது. அதோடு இருட்டப் போகும் நேரம் என்பதால் அடியில் என்ன இருக்கிறது என்று சரியாகப் பார்க்கவில்லை. தண்ணீர் வெளிர்நீலமாகத் தெரிந்தால் மணல், நங்கூரம் கடித்துக்கொள்ளும். கருப்பாகத் தெரிந்தால் பொசிடோனியா கடற்புல். புல்மேல் விழுந்த நங்கூரம் பிடித்ததுபோல் பாவனை காட்டும், காற்று வந்ததும் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். மீன்குஞ்சுகள் வளரும் அந்தப் புல் ஒருமுறை பிய்ந்தால் திரும்ப வளர ரொம்ப வருடம் ஆகும், அதனால் அதன்மேல் நங்கூரம் போடுவது இரண்டு விதத்திலும் தப்பு.

மைத்துனனைப் படகில் விட்டுவிட்டுத்தான் காலையில் நாங்கள் ஏறினோம். அது மட்டும்தான் அன்று சரியாகச் செய்த காரியம். அவனுக்கும் வர ஆசைதான், காசு சுண்டிப் பார்த்து அவன் தோற்றான்.

ஊரிலிருந்து கோட்டைக்கு முக்கால் மணி நேரம் ஏற்றம். பாதை ஆரம்பிக்கும் இடத்தில் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் மலையைக் காட்டி "கஸ்ட்ரோ?" என்று கேட்டேன். தலையாட்டிவிட்டு, கையை மெதுவாக மேலும் கீழும் அசைத்து "சிகா சிகா" என்றார், மெதுவாகப் போ என்று அர்த்தம். பழைய மேட்டுநகரின் வாசலையே கோட்டை வாசலுக்குள் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், அதில் கால் தேய்த்த படிகளில் ஏறி உள்ளே போகிறோம். உள்ளே மீக்கேல் தேவதூதருக்கு ஒரு கோயில், சுவரில் மங்கிய ஓவியம். அதன் பக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் கடல் தெரிவதைப் பார்த்தபோது, இந்த ஊர் ஏன் கரையில் இல்லாமல் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது புரிந்தது. வடக்கே அகியோஸ் அந்தோனியோஸ் துறை, தெற்கே எரிஸ்டோஸ். கப்பலில் வருகிறவனுக்கு ஊர் சுலபத்தில் கண்ணில் படாது, ஊர்க்காரனுக்கு இரண்டு துறையிலும் யார் வந்தாலும் தெரியும். கோட்டை என்பது சண்டை போடுகிற இடம் என்று நினைத்திருந்தேன். இவை முதலில் கண்கள், பிறகுதான் மதில்கள்.

அப்போதுதான் படகு நகர்ந்தது.

ஒன்பது மணிக்கே காற்று எழுந்துவிட்டது, வடமேற்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியாக இறங்கி விரிகுடாவைத் தாக்கிக்கொண்டிருந்தது. மைத்துனனைக் கூப்பிட்டேன், உள்ளே சமைத்துக்கொண்டிருந்திருக்கிறான். மேலே வந்து பார்த்துவிட்டு, "ஆமா அத்தான், நகருது. இன்ஜின் போட்டுட்டேன். எனக்கு இங்கேயிருந்து அந்தப் பாறை முனை எவ்வளவு தூரம்னு தெரியல, நீங்க மேலேயிருந்து சொல்லுங்க" என்றான். மனைவி பைனாகுலரில் பார்த்து எனக்குச் சொல்ல, நான் போனில் அவனுக்குச் சொன்னேன். முன்னே மெல்ல ஓட்டு, இடது பக்கம் வா, இன்னும் வா, உனக்கு முன்னால் கருப்புத் திட்டு இருக்கிறது, அதைத் தாண்டினால் வெளிர்நீலம் பெரிசாக இருக்கிறது, அங்கே போடு. சங்கிலியை ஏற்றிக்கொண்டே ஒற்றை ஆளாகச் சுக்கானையும் பார்த்துக்கொண்டு அவன் அதைச் செய்தான். கீழே இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கடலடி, இத்தனை உயரத்திலிருந்து வரைபடம் மாதிரி தெரிந்தது. இந்த முறை 50 மீட்டர் சங்கிலியும் விட்டான். பின்னோக்கி இன்ஜினை முறுக்கிப் பிடிக்கிறதா என்று சோதித்தான். நாங்கள் இருபது நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தோம். படகு நின்றது.

இறங்கும்போது மனைவி சொன்னாள், அந்தக் காலத்திலும் இதே இடத்தில் ஒருத்தன் நின்று கீழே இருக்கிறவனுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பான் என்று.

அன்றையிலிருந்து சில விஷயங்களை மாற்றிக்கொண்டோம். கோட்டைக்குப் பக்கத்து விரிகுடாவைத் தேடுவதை நிறுத்தினோம். படகுக்கு எது நல்ல துறையோ அங்கே கட்டிவிட்டு, பேருந்தோ ஸ்கூட்டரோ நடையோ பார்த்துக்கொள்வது. நங்கூரத்தில்தான் நிற்க வேண்டும் என்றால் ஒரு ஆள் கட்டாயம் படகில், கையில் சார்ஜ் உள்ள போனோடு. படகு குறிப்பிட்ட வட்டத்தை விட்டு நகர்ந்தால் சத்தம் போடும் நங்கூர எச்சரிக்கை வசதி போன்களில் கிடைக்கிறது, அதைப் படகில் இருக்கும் போனில் போட்டுவைக்க வேண்டும், மேலே கொண்டுபோகும் போனில் போட்டுப் பயனில்லை.

இன்னொன்று நேரம். காலையில் வெயிலுக்கு முன் கோட்டை ஏறிவிட்டு மதியம் கடலில் போகலாம் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும், எங்களுக்கும் அப்படித்தான். ஆனால் இந்தக் கடலில் காற்று மதியத்துக்கு மேல்தான் உச்சம். அதோடு பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குள் சின்னத் துறைகள் நிறைந்துவிடுகின்றன. அதனால் தலைகீழாக மாற்றினோம். விடிந்ததும் கடலில் கிளம்பு, மதியத்துக்குள் கட்டு, தூங்கு, ஐந்து மணிக்குக் கோட்டைக்கு ஏறு. செப்டம்பரில் ஏழேகால் வாக்கில் சூரியன் மறைகிறது, அதற்குள் இறங்க வேண்டும். நெற்றி விளக்கு ஒன்று பையில் இருக்கட்டும்.

ஹால்கிக்கு இப்படித்தான் போனோம். எம்போரியோ துறையில் படகின் பின்பக்கத்தைக் கரைக்குக் கட்டிவிட்டு, சாயங்காலம் ஹோரியோவுக்குப் போகும் சாலையில் நடந்தோம். அந்தச் சாலைக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டார்பன் ஸ்பிரிங்ஸ் நகரத்தின் பெயர். கடற்பஞ்சு எடுக்கும் தொழில் தெரிந்த ஹால்கிக்காரர்கள் நூறு வருடத்துக்கு முன் அங்கே பிழைக்கப் போய், சம்பாதித்து அனுப்பிய பணத்தில் போட்ட சாலை. ஹோரியோதான் ஒரு காலத்தில் தீவின் தலைநகர். கொள்ளையர் பயம் போனதும் எல்லோரும் துறைக்கு இறங்கிவிட, இப்போது சரிவு முழுக்கக் கூரையில்லாத கல்வீடுகள். அதற்கு மேலே கோட்டை, வாசலுக்கு மேல் சபைத் தலைவர்களின் சின்னம் செதுக்கிய கல். உள்ளே நிக்கோலஸ் புனிதரின் பாழடைந்த கோயிலில் வண்ணம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோட்டைக்குள் காய்ந்த புல் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது, முன்னால் நடந்த மனைவி சட்டென்று நின்றுவிட்டாள், கால் வைக்கப் போன இடத்தில் ஒரு மழைநீர்த் தொட்டியின் வாய். இரண்டு ஆள் ஆழம் இருக்கும். மூடி இல்லை, கம்பி இல்லை. மலைமேல் ஊற்று கிடையாது, மழைத்தண்ணீரைச் சேர்த்துத்தான் முற்றுகையைத் தாங்கியிருக்கிறார்கள். அதனால் இதுபோல் திறந்த தொட்டிகள் எந்தக் கோட்டையிலும் இருக்கும். புல்லுக்குள் நடக்காதீர்கள், ஒற்றையடிப் பாதையிலேயே போங்கள், குழந்தைகளைக் கையை விடாதீர்கள், மதில்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள், சாந்து போன கல் அது. படகில் போடும் செருப்போடு ஏறக் கூடாது, பிடிமானமுள்ள மூடிய ஷூ வேண்டும், முள்ளுக்கு முழுக்கால்சட்டை வேண்டும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும். வழியில் கம்பிப் படல் இருந்தால் திறந்து போய்விட்டு அப்படியே மூடிவிடுங்கள், அது ஆடு வெளியே போகாமலிருக்கக் கட்டியது.

ஹால்கிக் கோட்டையின் கிழக்கு மதிலிலிருந்து பார்த்தால் கிட்டே அலிமியா தீவு, அதன் தலையிலும் ஒரு கோட்டை. அதற்குப் பின்னால் நீண்டு கிடக்கும் ரோட்ஸ் தீவின் மேற்குக் கரை, அதில் கிரிட்டினியா கோட்டை. வடமேற்கே நாங்கள் விட்டு வந்த தீலோஸ். பகலில் புகை, இரவில் தீ என்று ஒரு கோட்டை அடுத்த கோட்டைக்குச் சொல்லிச் சொல்லியே எதிரிக் கப்பல் வருகிற செய்தி ரோட்ஸுக்குப் போய்ச் சேரும் என்று கேட்டிருந்தேன். ஒவ்வொரு கோட்டையையும் தனித்தனியாகப் பார்த்தபோது இது ஒரு தகவலாக மட்டும் இருந்தது. நான்கு நாள் அந்தக் கடலில் நாங்களே வந்த வழி முழுவதும் ஒரே பார்வையில் கீழே விரிந்து கிடந்தபோது, ஒரு பெரிய வீட்டின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து வந்ததுபோல் இருந்தது. படகில் வராமல் விமானத்தில் ரோட்ஸுக்கு வந்து காரில் போயிருந்தால் எனக்கு இது கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சிமி பற்றிச் சுருக்கமாக. கியாலோஸ் துறைமுகம் அழகு என்று எல்லோரும் சொல்வார்கள், மலைச்சரிவில் அடுக்கடுக்காக மஞ்சளும் பழுப்புமான வீடுகள், உண்மைதான். ஆனால் துறை ஆழம். எல்லாப் படகும் நடுவில் நங்கூரத்தைப் போட்டுப் பின்னோக்கிக் கரைக்கு வருவதால் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து சிக்கிக்கொள்ளும். காலையில் கிளம்பும்போது எங்கள் நங்கூரத்தோடு பக்கத்துப் படகின் சங்கிலியும் மேலே வந்தது. பதற வேண்டாம், தெரியாத சங்கிலிக்குக் கீழே ஒரு கயிற்றைக் கோத்துப் படகில் கட்டிக்கொண்டு, நம் நங்கூரத்தைக் கொஞ்சம் இறக்கினால் கழன்றுவிடும், பிறகு கயிற்றை விட்டால் அந்தச் சங்கிலி தன் இடத்துக்குப் போய்விடும். கையை மட்டும் உள்ளே விடக் கூடாது.

காலி ஸ்ட்ராடா என்ற நீண்ட கற்படிக்கட்டு வழியாக மேல் ஊருக்கு ஏறினால் உச்சியில் கோட்டை. மிச்சம் கொஞ்சம்தான். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் அங்கே வெடிமருந்து வைத்திருந்தார்கள், 1944இல் பின்வாங்கியபோது அதை வெடிக்கவைத்துவிட்டுப் போனார்கள், கோயிலும் சுற்றியிருந்த வீடுகளும் அதோடு போயின. கோயிலைத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். அடுத்த வருடம் 1945 மே 8 அன்று டோடெகனீஸ் தீவுகளின் ஜெர்மானியப் படை சரணடைந்ததும் இதே சிமியில்தான், கீழே துறையோரம். நூற்றாண்டுகளாக நின்ற மதிலை ஒரு நாளில் இல்லாமல் செய்துவிட்டார்களே என்று அந்தப் படிகளில் இறங்கும்போது நெஞ்சு கனத்தது.

ரோட்ஸில் படகை ஒப்படைத்த பிறகு ஒரு நாள் மிச்சமிருந்தது. கார் எடுத்துக்கொண்டு மேற்குக் கரையோரமாகக் கிரிட்டினியா கோட்டைக்குப் போனோம், ஹால்கியிலிருந்து தேடிய அதே கோட்டை. மதில் இடுக்கு வழியாகப் பார்த்தால் எதிரே அலிமியா, அதற்குப் பின்னால் ஹால்கி, சாயங்கால வெயிலில் மலைகள் எல்லாம் ஒரே நீலம். நடுவில் ஒரு வெள்ளைப் பாய் வந்துகொண்டிருந்தது. பாயைப் பாதிக்குச் சுருக்கியிருந்தார்கள், அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம். மூன்று பேரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரைமணி நேரம் கழித்து அது அலிமியா பக்கம் திரும்பியது.

"நங்கூரம் எங்க போடப்போறாங்களோ" என்றான் மைத்துனன். மனைவி பைனாகுலரை அவனிடம் கொடுத்தாள்.